பழைய டெமோ டிஸ்க்கை எடைக்குப் போடலாமா? ஒரு நிமிஷம் பொறுங்க!

திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய பிளேஸ்டேஷனும் நாலு டிஸ்க்கும் கிடைத்தால், நேராகக் காயலான் கடைதான். ஆனால் அதில் 'டெமோ' டிஸ்க் இருந்தால் கொஞ்சம் யோசிக்கணும். ஏன்?

டெமோ டிஸ்க் என்றால் என்ன?

முழு கேமை வாங்கும் முன் ஒரு பகுதியை மட்டும் ஆடிப் பார்க்கத் தரும் டிஸ்க். பெரும்பாலும் கேம் பத்திரிகைகளோடு வரும். சில சமயம் வேறொரு கேமோடும் வரும். 2001-ல் 'ஸோன் ஆஃப் தி எண்டர்ஸ்' வாங்கியவர்களுக்கு 'மெட்டல் கியர் சாலிட் 2' டெமோ கிடைத்தது. அந்த டெமோவுக்காகவே கேமை வாங்கியவர்கள் உண்டு.

இப்போ அதுக்கு என்ன மதிப்பு?

கேம் முழுசாகத் தயாராகும் முன்பே டெமோ வந்துவிடும். பின்னால் மாற்றப்பட்ட காட்சிகள் அதில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

இரண்டு கேம்களையும் வெளியிட்ட கோனாமி, 2014-ல் 'பி.டி.' டெமோவை டவுன்லோடாக மட்டும் தந்தது. 2015-ல் அது பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. 2001 டிஸ்க்கோ, கெடாமல் இருந்தால் இன்றைக்கும் ஓடும்.

எப்படிப் பாதுகாப்பது?

பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் சிடி வகை. அதில் தகவல் இருப்பது எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்தை ஒட்டித்தான். அங்கே விழும் கீறல்தான் அதிக ஆபத்து. ஈரம் புகுந்தால் அலுமினியப் பூச்சு அரிக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வெயில் படாமல் வையுங்க.

கெட்டுப்போன கன்சோலை என்ன செய்வது?

2022 மின்கழிவு விதிகளில் வீடியோ கேமும் அடக்கம். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி மையத்தில் கொடுங்க. அதுக்கு முன்னாடி, உள்ளே டிஸ்க் இருக்கான்னு திறந்து பாருங்க!