மூளையில் கட்டியா? மனம் உடைந்து போகாதீர்கள்!

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரருக்குத் தினமும் காலையில் எழுந்ததும் தலைவலி. கூடவே வாந்தி. "வேலைக் களைப்புதான்" என்று இருந்து விட்டார்கள். ஒரு நாள் வலிப்பு வந்தது. மலை இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள்.

"மூளையில் கட்டி இருக்கிறது" என்றார் டாக்டர்.

அந்த ஒரு சொல் போதும். குடும்பமே இடிந்து போகும். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் காதில் ஏறாது.

கட்டி என்றால் சாவா?

இல்லை. மூளையில் வரும் கட்டி எல்லாம் புற்றுநோய் அல்ல. மூளையை மூடியிருக்கும் உறையில் வளரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்லாதவை. ஆனால் மண்டை ஓடு மூடிய பெட்டி போன்றது. உள்ளே எது வளர்ந்தாலும் மூளையை அழுத்தும். ஆகவே அலட்சியம் கூடாது.

கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதித்த பிறகே, பெரும்பாலும் அதன் வகை உறுதியாகும். அதுவரை ஊரார் கதைகளைக் கேட்டு அழ வேண்டாம். இது தொற்று நோய் அல்ல. செய்வினையும் அல்ல.

எங்கே போவது?

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பினால், "கைவிட்டு விட்டார்களே" என்று எண்ணாதீர்கள். மூளை ஆபரேஷனுக்குத் தனி டாக்டர்கள் வேண்டும். வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னை பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தியும் தொடங்கி வைத்த வைத்தியம் அது.

பணம்? ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை அதில் எழுதிக் கொள்ளுங்கள். "எந்த வகைக் கட்டி? ஆபரேஷன் உண்டா? எவ்வளவு நாள் ஆகும்?" பதிலையும் எழுதுங்கள். ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

வலிப்பு மாத்திரையையும், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆபத்து!

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். இரும்புச் சாவியால் வலிப்பு நிற்காது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். நோயாளி வண்டி ஓட்டக் கூடாது. மரம் ஏறக் கூடாது. தனியே கிணற்றுக்குப் போகக் கூடாது.

அவரிடம் சொல்லலாமா?

"அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று வீட்டில் குசுகுசுப்பார்கள். அவருக்குத் தெரியாதா? உங்கள் முகமே சொல்லி விடுமே! "டாக்டர் சொன்னதைச் சொல்லட்டுமா?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் கேட்கிற அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால் அவர் தனியாகப் பயப்படுவார். சொன்னால் இருவரும் சேர்ந்து பயப்படலாம்; சேர்ந்தே தைரியமும் கொள்ளலாம்.

கவனித்துக் கொள்ளும் மனைவியும் வேளைக்குச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். இரவுக் காவலுக்குத் தம்பி வரட்டும். பிள்ளைகளை அத்தை பார்த்துக் கொள்ளட்டும்.

மலை ஏறுகிறவர்கள் சுமையைத் தோள் மாற்றித்தான் சுமப்பார்கள். இந்தச் சுமையையும் அப்படியே சுமக்க வேண்டும்.