விண்ட்ஹூக்கில் ஒரு சனிக்கிழமை

(தூதர்கள் – 9)

போன வாரம் தார் எஸ் சலாமில் விட்டிருந்தோம். 1973இல், 36 வயதில், பின்லாந்தின் தூதராக மார்ட்டி அஹ்திசாரி அங்கே வந்து இறங்கினார். தெற்கு ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்கள் பலவற்றுக்கும் அந்த ஊர்தான் புகலிடம். நமீபியாவின் ஸ்வாப்போ தலைவர்களோடு அவர் நெருங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். சோவியத் படை வந்தபோது, பிறந்த ஊரான வீபுரியை விட்டு இரண்டு வயதில் தாயோடு கிளம்பியவர் அவர். மண்ணைப் பறிகொடுத்தவர்களின் வலியை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1977இல் ஐ.நா. அவரை நமீபியாவுக்கான ஆணையராக நியமித்தது. மறு ஆண்டே பாதுகாப்பு மன்றம் 435ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது: ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல், பிறகு விடுதலை. நமீபியாவைத் தன் பிடியில் வைத்திருந்த தென்னாப்பிரிக்கா அதைப் பத்து ஆண்டுகள் இழுத்தடித்தது. 1988 டிசம்பரில்தான் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் அதற்கு வழிவிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

1989 மார்ச் 31. அஹ்திசாரி நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக் வந்து சேர்ந்தார். ஐ.நா. படைத் தளபதி, இந்தியரான திவான் பிரேம் சந்த். விடிந்தால் போர்நிறுத்தம். ஆனால் அதைக் காக்கப் படை எங்கே? 7,500 பேர் என்பது பழைய திட்டம். செலவு அதிகம் என்று வல்லரசுகள் முனக, ஆப்பிரிக்க நாடுகள் எதிர்க்க, வாதத்திலேயே வாரங்கள் கரைந்து எண்ணிக்கை 4,650 ஆனது. அவர்களிலும் சிறு பகுதியினரே அன்றைக்கு வந்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, அங்கோலா எல்லையைத் தாண்டி நூற்றுக்கணக்கான ஸ்வாப்போ போராளிகள் உள்ளே வந்தார்கள். ஐ.நா.விடம் ஆயுதத்தை ஒப்படைக்கவே வந்தோம் என்றது ஸ்வாப்போ. ஒப்பந்த மீறல் என்று சீறியது தென்னாப்பிரிக்கா. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் அன்று விண்ட்ஹூக்கில்தான் இருந்தார். முகாமில் அடங்கியிருந்த தென்னாப்பிரிக்கப் படையை வெளியே விட நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்தின் ஒப்புதலோடு அஹ்திசாரி சம்மதித்தார். சில நாட்களுக்குள் போராளிகளில் 300 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளாக யாருடைய விடுதலைக்காக உழைத்தாரோ, அவர்களே அவரைத் துரோகி என்றார்கள். அந்த முடிவை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் பழி முழுவதையும் அவர்மேல் சுமத்தவும் மனம் ஒப்பவில்லை. எல்லையில் நிறுத்த ஆளில்லாத நிலையில் அவரைத் தள்ளியது, நியூயார்க்கில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள்தான்.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஏப்ரல் 9 அன்று எட்ஜோ மலை விடுதியில் புது உடன்பாடு வந்தது. நாடு கடந்து வாழ்ந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினார்கள். நவம்பர் தேர்தலில் 97 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 72 இடங்களில் 41 ஸ்வாப்போவுக்கு. 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றது. பிறகு அந்த நாடு அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது.

2005இல் வடக்கே ஈன்ஹானா ஊருக்கு அருகில் கூட்டுப் புதைகுழிகளைக் கண்டெடுத்தார்கள். அந்த ஏப்ரலில் விழுந்தவர்கள் என்றே ஊரார் நம்புகிறார்கள்.

(தொடரும்)