42 நாள்

புதுச்சேரி வீராம்பட்டினத்தில் 61 என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம். ஊர் இன்னோர் எண்ணையும் மனதில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை: 42. சர்க்கரைப் புண் எலும்புக்குள் இறங்கிவிட்டால், எலும்பை வெட்டாமல் மருந்தால் மட்டும் ஆற்ற ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டிய நாட்கள் அவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, புதுச்சேரியில் 20 வயதைத் தாண்டிய 100 பேரில் 26 பேருக்குச் சர்க்கரை (26.3%). நாட்டுச் சராசரி 11.4. அந்த விகிதத்தை ஆயிரம் பேருக்குப் போட்டுப் பாருங்கள்: 263 பேர். சர்க்கரை உள்ளவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது கால்புண் வரும் என்கிறார்கள். ஆயிரத்துக்கு 50 முதல் 89 பேர். அந்தப் புண்களில் பாதியில் சீழ் வைக்கும்.

வெறுங்காலோடு மணலில் படகு தள்ளுகிற ஊர் இது. ஆடியில் செங்கழுநீரம்மன் தேரன்று, கொதிக்கிற தரையில் அதே வெறுங்கால். சர்க்கரையால் உணர்ச்சி செத்த பாதத்தில் சிப்பி கிழித்தால் வலிக்காது. வலிக்காததால் நாள் தள்ளிப்போகும். மருத்துவர் மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விடுகிறார். கல்லில் இடிப்பதுபோல் ‘நறுக்’கென்று தட்டினால் எலும்பிலும் கிருமி இருக்கலாம் என்று பலமாகச் சந்தேகப்படுவார். ஒரு நிமிட வேலைதான். எக்ஸ்ரேயில் எலும்பின் பாதிப்பு தெரிய 2, 3 வாரம்கூட ஆகும்.

எலும்பு கெட்டதால் கால்விரலை எடுக்கிறார்கள் என்றதும் வீடே அழுகிறது. நியாயமான அழுகைதான். ஆனால் நாள் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்படி, கெட்ட எலும்பு முழுவதும் வெளியே வந்து, சுற்றுச் சதையிலும் சீழ் இல்லையென்றால் மருந்து சில நாட்களுக்கே. வெட்டிய விளிம்பில் கிருமி மிஞ்சினால் 3 வாரம் வரை. வெட்டாவிட்டால் அந்த 42. விரலைக் கொடுத்துப் பாதத்தைக் காப்பாற்றும் பேரம் இது. தாமதித்தால் பேரம் முழங்காலுக்குக் கீழே நடக்கும். விரல் போனபின் பாரம் பக்கத்து விரலுக்கு மாறுகிறது, ஆறிய புண்களில் 40 சதவீதம் ஓராண்டுக்குள் திரும்ப வருகின்றன. அறுவையோடு செருப்பையும் மாற்றியே ஆக வேண்டும்.

ரூபாய்க் கணக்கு. சென்னை ராயபுரம் எம்.வி. மருத்துவமனை 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கல் இல்லாத சர்க்கரை நோயாளியின் செலவு 4,493. கால் சிக்கல் வந்தவருக்கு 19,020. ஐந்து நாடுகளை ஒப்பிட்ட 2012 ஆய்வில், சிக்கலான கால்புண்ணை முழுதாக ஆற்ற இந்தியருக்கு 5.7 ஆண்டு சராசரி வருமானம் வேண்டும். ஜிப்மர் அரசு மருத்துவமனையில் ஏழைக்குச் சிகிச்சைச் செலவு குறையலாம். கூட இருப்பவரின் கூலியும் கடலுக்குப் போகாத 42 நாளும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை.

இவ்வளவும் வருமுன்னே பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கும் கருவி 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு துண்டு நைலான் நரம்பு. வலையில் நாம் பின்னுகிற தங்கூசியின் உறவுக்காரன்.