கெண்டை மீன்களின் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுவது ஏன்?

இந்தியப் பெருங்கெண்டைகளான கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் உடல் செல்களில் தலா 50 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுடன் ஒரே குளத்தில் வளர்க்கப்படும் சாதாக்கெண்டையில் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 100 ஆகும். இந்த வேறுபாட்டின் பின்னணியில் நீண்ட பரிணாம வரலாறு உள்ளது.

இன்றைய எலும்பு மீன்களில் மிகப் பெரும்பாலானவை டெலியோஸ்ட் பிரிவைச் சேர்ந்தவை. இப்பிரிவின் மூதாதையிடம் சுமார் 13 இணை குரோமோசோம்கள் இருந்ததாகக் கணிக்கப்படுகிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதன் மரபணுத் தொகுதி முழுமையாக இரட்டிப்பானது. அதனால்தான் இப்பிரிவின் பல மீன்களில் இன்று 24 அல்லது 25 இணைகள் காணப்படுகின்றன. சாதாக்கெண்டையின் மூதாதையரில், இரு இனங்களின் கலப்பால் பிற்காலத்தில் மீண்டும் ஓர் இரட்டிப்பு நிகழ்ந்தது.

இந்த எண்ணிக்கை மீன்வளர்ப்பிலும் முக்கியத்துவம் பெறுகிறது. ரோகுவும் சாதாக்கெண்டையும் கலந்தால் பிறக்கும் மீன்களில் சுமார் 75 குரோமோசோம்கள் இருக்கும். அவை முறையாக இணைசேர இயலாததால் அம்மீன்கள் மலட்டுத்தன்மை கொண்டவை.

ஆனால் கட்லா, ரோகு ஆகியவற்றின் குரோமோசோம்கள் எண்ணிக்கையிலும் அமைப்பிலும் ஒத்திருப்பதால், அவற்றின் கலப்பினங்கள் இனப்பெருக்கம் செய்யக்கூடியவை. அவை ஆறுகளை அடைந்தால் இயற்கை இனங்களின் மரபுத்தூய்மை பாதிக்கப்படும். எனவே, குஞ்சு பொரிப்பகங்களில் ஒவ்வொரு இனத்தின் தாய் மீன்களையும் தனித்தனியே பராமரிப்பது அவசியமாகிறது.