எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள்

டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபையரில் மாட்டி இசைத்தட்டில் முள்ளை வைத்ததும் பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்புகிறது. அதைப் போக்கப் பலர் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் 'பேலன்ஸ்டு' கேபிளுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். முதலாவது உயிருக்கே உலை வைக்கும். இரண்டாவது பெரும்பாலும் தண்டச் செலவு.

முள் பொருத்திய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட்தான். மூவிங் காயில் வகையில் பெரும்பாலும் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வரும். அதனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துளி நுழைந்தாலும் காதில் விழும். வழக்கமான ஆர்.சி.ஏ. இணைப்பு சிங்கிள் எண்டட்: இசை திரும்பி வருவதும் ஒயரைச் சுற்றிய உலோக உறையான ஷீல்டு வழியாகத்தான், அதில் ஏறும் இரைச்சலும் கூடவே வரும். பேலன்ஸ்டு இணைப்பில் இசைக்கு இரண்டு ஒயர், ஷீல்டு தனி. இரண்டிலும் ஒரே அளவில் ஏறும் இரைச்சலை ஆம்ப்ளிஃபையர் கழித்துவிடும்.

கார்ட்ரிட்ஜ் இதற்குத் தோதானதுதான். பின்பக்கம் நான்கு பின்: வெள்ளையும் நீலமும் இடது சானல், சிவப்பும் பச்சையும் வலது. ஆனால் மறுமுனையில் அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் உண்மையான பேலன்ஸ்டு இன்புட் கொண்டதாக இருக்க வேண்டும். ஆர்.சி.ஏ.-யை பேலன்ஸ்டு இணைப்புக்கான மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். ஆக்கும் சாதாரண அடாப்டரைத் திறந்து பாருங்கள்: 1-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கும். சொருகும் முனை மாறியதே தவிர, இணைப்பு மாறவில்லை. ப்ரீஆம்ப் உள்ளேயே பொருத்தி, ஆர்.சி.ஏ. அவுட்புட் மட்டும் வைத்த டர்ன்டேபிளுக்கும் பேலன்ஸ்டு கேபிளால் பயனில்லை. இதை விற்கிறவர் சொல்ல மாட்டார்.

இரைச்சலைப் போக்க, முதலில் மின்சாரத்தை அணையுங்கள். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ப்ரீஆம்பின் 'ஜி.என்.டி.' திருகில் இறுக்குங்கள். பலருக்கு இரைச்சல் இதோடு நின்றுவிடும். ரீகா நிறுவனத்தின் டோன்ஆர்ம்களில் அந்த ஒயர் தனியாக இருக்காது, இடது சானலின் ஷீல்டோடு சேர்ந்திருக்கும்; அவற்றை பேலன்ஸ்டாக மாற்றுமுன் விவரம் தெரிந்தவரிடம் அந்த இணைப்பைப் பிரித்துக் கொள்ள வேண்டும்.

பேலன்ஸ்டு ப்ரீஆம்ப் வாங்கும் முன் விற்பவரிடம் "ஃபோனோ இன்புட் உண்மையிலேயே பேலன்ஸ்டா?" என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பில், மாடல் எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சை நுகர்வோர் ஆணையத்தில் நிரூபிப்பது கடினம். சொன்னதுபோல் இல்லாத பொருளை ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக் கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள்.

மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபையரின் உள்ளே மின்சார ஒயர் ஒன்று கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால் அதில் 230 வோல்ட் நிற்கும். பின்னைப் பிடுங்கியிருப்பவர்கள் இன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது பிளக் மாட்டுங்கள், சுவர் சாக்கெட்டில் எர்த் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஆம்ப்ளிஃபையரை இயக்க வேண்டாம்.