'கூகுள் மூலம் உள்நுழைக' பட்டன் மக்கர் செய்கிறதா? கோளாறு யாரிடம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

2020 டிசம்பர் 14. மாலை ஐந்தேகால் மணி வாக்கில் ஜிமெயில், யூடியூப், கூகுள் மீட் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. ஆனால் இன்காக்னிட்டோ விண்டோவில், லாகின் செய்யாமல் திறந்தால் யூடியூப் வீடியோ ஜம்மென்று ஓடியது.

அதாவது வீடியோ சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. 'இவர் யார்' என்று உறுதிசெய்யும் பகுதிதான் உடைந்திருந்தது. அதன் பயன்பாட்டைப் பழைய கணக்கீட்டு முறை பூஜ்யம் என்று தவறாகக் காட்ட, தானியங்கி அமைப்பு அதற்கான ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டதாகக் கூகுள் பின்னர் விளக்கியது. சரியாக முக்கால் மணி நேரம் போல ஆனது. அதுவரை, கூகுள் கணக்கை நம்பியிருந்த மற்ற நிறுவனங்களின் ஆப்களிலும் உள்ளே போக முடியவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஓஆத். இப்போது புழக்கத்தில் இருக்கும் 2.0 வடிவம் 2012-இல் வந்தது. ஆப் உங்களைக் கூகுளிடம் அனுப்புகிறது. கூகுள் உங்களை உறுதிசெய்து, முன்பே பதிவான முகவரிக்கு ஒரு கோடுடன் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கோடைக் கொடுத்து ஆப் ஒரு டோக்கன் வாங்கிக்கொள்கிறது. உங்கள் பாஸ்வேர்டு ஆப்பின் கைக்குப் போவதே இல்லை.

புத்தூரில் எலும்பு எங்கே முறிந்தது என்று தடவிப் பார்க்காமல் கட்டுப் போட மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். எங்கே நின்றுபோனது என்று முதலில் அட்ரஸ் பாரைப் பாருங்கள்.

கூகுள் பக்கத்திலேயே நின்று, 'எரர் 400: ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்' என்று வந்தால் தப்பு உங்களுடையது இல்லை. பத்து முறை கேஷ் அழித்தாலும் பலன் இருக்காது. திரும்பி வர வேண்டிய முகவரியை டெவலப்பர் சரியாகப் பதிவு செய்யவில்லை. கடைசியில் ஒரு சாய்வுக்கோடு கூடினாலும், எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பதில் எச்டிடிபி இருந்தாலும் கூகுள் ஏற்காது. அந்த டெவலப்பரே நீங்கள் என்றால், எரர் விவரத்தில் தெரியும் முகவரியை அப்படியே காப்பி செய்து கன்சோலில் ஒட்டுங்கள். கையால் டைப் செய்ய வேண்டாம். ஆப் இன்னும் 'டெஸ்டிங்' நிலையில் இருந்தால் ரிஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும். போன வாரம் ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'டிஸ்அலவ்டு யூசர் ஏஜென்ட்' என்றால், வேறொரு ஆப்புக்குள் இருக்கும் குட்டி பிரவுசரில் லிங்க் திறந்திருக்கிறது. குரோமில் திறந்தால் போதும்.

ஆப்புக்குத் திரும்பி வந்தும் மறுபடி மறுபடி லாகின் கேட்கிறதா? பெரும்பாலும் குக்கீ பிரச்னை. இன்காக்னிட்டோவில் வேலை செய்தால், அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் அழியுங்கள். எக்ஸ்டென்ஷன்களையும் அணைத்துப் பாருங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஆபீஸ் மெயிலுக்குத்தான். அதை வைத்து எங்கெல்லாம் உள்நுழைந்தீர்களோ, வேலையை விட்ட அன்றே அந்தக் கதவுகளும் சாத்தப்படலாம். படித்த கோர்ஸின் சான்றிதழ்கூட உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பேப்பர் போடும் முன் கூகுள் கணக்கின் செட்டிங்ஸில், இணைக்கப்பட்ட மூன்றாம் தரப்பு ஆப்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றிலும் சொந்த மெயிலையும் தனி பாஸ்வேர்டையும் சேர்த்துவிடுங்கள். பட்டியலில் இணைப்பை நீக்கினால் அனுமதி மட்டும்தான் போகும். அந்த ஆப்பில் உங்கள் கணக்கு அப்படியே இருக்கும், அதைத் தனியாகத்தான் மூட வேண்டும்.