உடலுக்குள் ஓர் இரும்புக் களஞ்சியம்

ஆணி ஒன்றை ஈரத்தில் போட்டு வைத்தால் சில நாட்களில் துருப்பிடித்துப் போகிறது. நம் உடலிலும் இரும்பு உண்டு. வளர்ந்த ஒருவரிடம் ஏறக்குறைய 3 முதல் 4 கிராம் வரை இருக்கிறது. தண்ணீருக்கும் ஆக்சிஜனுக்கும் அங்கே குறைவில்லை. அப்படியானால் அந்த இரும்பு ஏன் துருப்பிடிப்பதில்லை?

உடல் சேமித்து வைக்கும் இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்கிறது! ஆனால் கண்ட இடத்தில் அன்று. அதற்கென்றே கட்டப்பட்ட ஓர் அறைக்குள்.

உடலின் இரும்பில் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் வேலை செய்கிறது. மிஞ்சியது கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் சேமிக்கப்படுகிறது. சேமிக்கும் புரதத்தின் பெயர் ஃபெரிட்டின். லௌஃப்பெர்கர் என்ற செக் விஞ்ஞானி 1937-இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்.

இரும்பைச் சேமிக்க அறை எதற்கு? இரும்பு அயனி இரு வகைப்படும். இரண்டு மின்னூட்டம் கொண்ட ஃபெரஸ் அயனி நீரில் எளிதில் கரையும். ஆனால் அது செல்லில் தனியே திரிந்தால், அங்குள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, டி.என்.ஏ.வையே சிதைக்கக்கூடிய துகள்களை உண்டாக்கும். மூன்று மின்னூட்டம் கொண்ட ஃபெரிக் அயனியோ பெரும்பாலும் கரையாது, துருவாகப் படிந்துவிடும். ஒன்று ஆபத்து, மற்றொன்று முடக்கம். இரண்டுக்கும் நடுவே உடல் கண்ட வழிதான் ஃபெரிட்டின்.

24 புரதத் துண்டுகள் சேர்ந்து உள்ளீடற்ற ஒரு பந்தாக அமைகின்றன. பந்தின் வெளிவிட்டம் 12 நானோமீட்டர். உள்ளறையின் விட்டம் 8 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் குறுக்கே இத்தகைய பந்துகளை வரிசையாக வைத்தால் ஏறத்தாழ 5000 பந்துகள் பிடிக்கும்.

இரும்பு உள்ளே நுழைவது எப்படி? இயற்பியல் படிப்போருக்குச் சுவையான இடம் இதுதான். மூன்று துண்டுகள் சந்திக்கும் இடங்களில் எட்டு நுண்துளைகள் உள்ளன. அவற்றின் ஓரங்களில் எதிர் மின்னூட்டம் கொண்ட அமிலப் பகுதிகள் இருக்கின்றன. ஃபெரஸ் அயனியோ நேர் மின்னூட்டம் கொண்டது. வேற்றின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று நீங்கள் வகுப்பில் படித்த அதே விதி, இங்கே அயனியைத் துளைக்குள் வழிநடத்துகிறது.

உள்ளே சென்றதும் புரதச் சுவரிலுள்ள ஓரிடத்தில் இரண்டு இரும்பு அயனிகள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தப்படுகின்றன. ஆக்சிஜன் அவற்றை ஃபெரிக் நிலைக்கு மாற்றுகிறது. பின்பு அவை உள்ளறைக்குச் சென்று, சுவரில் படிந்து, ஃபெரிஹைட்ரைட் என்னும் துருவாகின்றன. கற்கண்டு செய்யும்போது நூலைப் பற்றிக்கொண்டு முதல் படிகம் தோன்றுவதைப் போன்றது இது. முதல் மணி தோன்றிவிட்டால், அடுத்து வரும் இரும்பு அதன் மேலேயே படியத் தொடங்கும். ஆனால் கற்கண்டைப் போல விருப்பப்படி வளர முடியாது, சுவர் தடுத்துவிடும். அறை நிறைந்தால் சுமார் 4500 இரும்பு அணுக்கள். உடலுக்கு இரும்பு தேவைப்படும்போது துரு மீண்டும் கரைந்து வெளியேறுகிறது.

வேதியியலார் இந்த அறையை அச்சாகவே பயன்படுத்திக்கொண்டனர். இரும்பை நீக்கி வெறும் கூட்டை எடுத்து, அதனுள் வேறு உலோகச் சேர்மங்களை வளர்த்தனர். ஸ்டீபன் மேன் குழுவினர் 1992-இல், காற்றைச் சிறிது சிறிதாக மட்டும் விட்டு, துருவுக்குப் பதிலாகக் காந்தத்தன்மையுள்ள மேக்னடைட்டை உள்ளே உண்டாக்கினர். மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடுகளையும் இவ்வாறு பெற முடிந்தது. துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் அமைவதே இம்முறையின் சிறப்பு. சாதாரணக் குடுவையில் அது எளிதன்று.

இந்தப் புரதத்தில் சிறிதளவு இரத்தத்திலும் கலந்திருக்கும். உடலின் இரும்புச் சேமிப்பு தீரும்போது, ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே ஃபெரிட்டின் அளவு குறைந்துவிடும். வளர்ந்தவர்களிடம் ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே போனால், களஞ்சியம் காலியாகிவிட்டது என்று பொருள். ஆனால் தொற்றுநோய், வீக்கம் முதலியன இருக்கும்போது இந்த அளவு தானே ஏறிக் காட்டும். எனவே மருத்துவர்கள் இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதில்லை.